இரண்டு கயா போத்தல்கள்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 18, வெள்ளிக்கிழமை, காலை மணி 6.40. மலேசியாவின் ஈப்போ நகரம், குனோங் ராபாட். குட்டிமா என்ற பன்னிரண்டு வயது நாய் ஒரு சூப் கரண்டியில் சிறுநீர் கழித்தது.

"பிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள் புனிதா.

கரண்டியை அவள் ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டியிருந்தாள். முந்தைய நாள் வெறும் கரண்டியோடு கிட்டே போனபோது, சோறுதான் வருகிறது என்று குட்டிமா திரும்பித் திரும்பிப் பார்த்தது. சிறுநீர் வரவே இல்லை. அதனால் இன்று புனிதா தள்ளி நின்று, வானத்தைப் பார்ப்பதுபோல நடித்து, கரண்டியை மெல்ல நீட்டினாள்.

"சிந்திடாதேலா!" என்றான் அவளுடைய பதினெட்டு வயது அண்ணன் ரூபன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பத்து வயதுப் புனிதா அதை, கழுவி வைத்திருந்த கயா போத்தலில் ஊற்றினாள். ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாமான கயா தீர்ந்துபோனால், அந்த வீட்டில் போத்தலை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அடுப்படி அலமாரியில் ஒரே மாதிரி போத்தல்கள் ஒன்பது இருந்தன.

"மூடிய நல்லா இறுக்குங்கண்ணே. ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாது."

ரூபன் துணியால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். போத்தல் ஐஸ்பெட்டிக்குள் போனது. புனிதா பள்ளிக்கு ஓடினாள்.

மூன்று வாரமாகக் குட்டிமா படுத்து எழுந்த இடமெல்லாம் ஈரம். வாசல் மிதியடி ஈரம். சோபாகூட ஈரம்.

"இது கொழுப்புதான்" என்றார் அப்பா. "இருபதாந்தேதி ஞாயித்துக்கெழமை உன் சித்தப்பா லோரியில வாரான். சுங்கை சிப்புட்டுக்கு ஏத்தி விட்டுடலாம். தோட்டத்துல கொட்டாயில கட்டிப் போட்டா, எங்க வேணும்னாலும் போகட்டும்."

குட்டிமா வாலை ஆட்டியது. அதற்கு என்ன தெரியும்!

புனிதா ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். எங்கே ஈரம், அப்போது குட்டிமா என்ன செய்துகொண்டிருந்தது என்று ஏழு நாள் எழுதினாள். பிறகு நோட்டை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"தூங்கும்போது மட்டும்தான் ஈரமாகுதுப்பா. முழிச்சிருந்தா வெளிய போய்த்தான் ஒண்ணுக்கு இருக்குது. தூங்கறப்ப யாராச்சும் கொழுப்பு காட்ட முடியுமா?"

அப்பா நோட்டை இரண்டு முறை புரட்டினார். "சரி, டாக்டர்கிட்ட காட்டு. ஆனா ஞாயிறு வரைக்கும்தான்."

புதன்கிழமை கால்நடை மருத்துவர் தேவிஸ்ரீ நோட்டைப் படித்துவிட்டு, குட்டிமாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "காலையில முதல்ல போறத பிடிச்சு, ஐஸ்பெட்டியில வெச்சு, அன்னைக்கே கொண்டு வாங்க. அத சோதிச்சாத்தான் மருந்து தர முடியும். வெள்ளிக்கெழமை ஆறு மணிக்குக் கிளினிக்க மூடிருவேன். அப்புறம் திங்கள்தான்."

திங்கள் என்றால் குட்டிமா தோட்டத்தில் இருக்கும்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலை மணி 5.15க்குப் புனிதாவும் ரூபனும் மோட்டார் சைக்கிளில் போய் டாக்டர் முன்னால் நின்றார்கள். புனிதா காகிதத்தில் சுற்றியிருந்த போத்தலைப் பெருமையோடு நீட்டினாள்.

டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "குட்டிமா வேப்பிலை சாப்பிடுதா?"

"இல்லையே."

"அப்ப இதுல மிதக்குறது என்ன?"

மூடியைத் திறந்தார். மோந்தார். "மஞ்சள் வாசம் கமகமன்னு வருது."

புனிதா போத்தலை வாங்கி மோந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் சாமி விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், அம்மா வீடு முழுக்க வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். வழக்கமாக அதைச் சாயங்காலம்தான் கலப்பார். இந்த வாரம் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. காலையில் வேலை முடிந்து வந்ததுமே கலந்து, ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும். எதில் கலந்திருப்பார்? கயா போத்தலில்தான்!

"இது அம்மாவோட போத்தல்" என்றாள் புனிதா. "அப்படின்னா நம்ம போத்தல்..."

"அலாமாக்!" ரூபன் தலையில் கை வைத்தான். "அத வீடு பூரா தெளிக்கப் போறாங்க!"

அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தார்கள். எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. மணி 5.22.

"செப்பாட், செப்பாட்! சீக்கிரம் ஏறு!" என்றான் ரூபன்.

மோட்டார் சைக்கிள் சீறியது. சுண்ணாம்பு மலை பின்னால் ஓடியது. இரவுச் சந்தைக்குக் கூடாரம் போடுகிறவர்கள் பாதிச் சாலையை அடைத்திருந்தார்கள். சிவப்பு விளக்கு ஒன்று. அடுத்து இன்னொன்று.

"பச்சையாகு, பச்சையாகு" என்று புனிதா விளக்கைப் பார்த்துக் கெஞ்சினாள்.

வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தாள்.

சாமி மேடைக்கு முன்னால் அம்மா ஈரத் தலையோடு, கையில் செம்பும் மாவிலையுமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா, முகம் சிவக்க, கயா போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"யாரு இவ்வளோ இறுக்கமா மூடுனது? இரு, பல்லால கடிச்சுப் பார்க்கிறேன்."

"அப்பா! வாய வைக்காதீங்க!"

அப்பா அப்படியே நின்றார்.

"அது மஞ்சள் தண்ணி இல்லப்பா. அது... குட்டிமாவோடது."

"குட்டிமாவோடது என்ன?" என்றார் அம்மா.

வாசலில் படுத்திருந்த குட்டிமா தன் பெயரைக் கேட்டு வாலை ஆட்டியது.

அப்பா போத்தலை இரண்டு விரலால் பிடித்து, கையைத் தூர நீட்டிக்கொண்டார். அம்மா போத்தலைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். "முருகா!" என்று நாற்காலியில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா! ஆறு மணிக்கு மூடிருவாங்க!" புனிதாவுக்கு அழுகை வந்தது.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "கார்ல ஏறு" என்றார்.

கைலியைக்கூட மாற்றாமல் காரை ஓட்டினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 5.56; டாக்டர் கிளினிக் கதவைப் பாதி இறக்கியிருந்தார்.

டாக்டர் ஒரு காகிதப் பட்டையைப் போத்தலுக்குள் நனைத்தார். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். புனிதா எட்டிப் பார்த்தாள்.

"கிருமி இல்ல. சர்க்கரை நோயும் இல்ல. வயசானதால, சிறுநீரப் பிடிச்சு வைக்கிற தசை தளர்ந்துபோச்சு. தூங்கும்போது தானா கசியுது. அதுக்கே தெரியாது. நீ நோட்டுல எழுதுனது சரிதான். மாத்திரை தரேன். பத்து நாள் பொறுத்துக்கணும்."

"கொழுப்பு இல்லையா?" என்றார் அப்பா.

"இல்ல சார்."

அப்பா தலையைச் சொறிந்தார். "நான் அதுக்குத் தண்ணி வைக்கிறதக் கொறச்சிட்டேனே."

"அத மட்டும் செய்யாதீங்க. நல்லா குடிக்கட்டும்."

வீட்டுக்குப் போனதும் அப்பாவே குட்டிமாவின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். புனிதா பழைய மழைக்கோட்டை விரித்து, அதன்மேல் துண்டு போட்டுப் படுக்கை தயார் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா லோரியோடு வந்தார். "நாய் எங்கண்ணே?"

"நாய் வரல. இந்தச் சோபாவ ஏத்திக்க" என்றார் அப்பா.

சித்தப்பா சோபாவை மோந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் லோரியோடு திரும்பிப் போனார்.

ஆகஸ்டு 28, திங்கட்கிழமை, காலை மணி 6.40. குட்டிமாவின் துண்டு காய்ந்திருந்தது.