தொட்டியில் தண்ணி

வாசனை இல்லை. ஊசியக்காவுக்கு முதலில் தட்டுப்பட்ட கோளாறு அதுதான். பட்டறைக்குள் காலடி வைத்ததுமே மூக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கி, வீட்டுக்குப் போனால் சோற்றுக் கவளம் வரைக்கும் கூடவே வருகிற அந்தத் திகட்டும் இனிப்பு வாசனை, எப்போது போனதென்றே தெரியாமல் போயிருந்தது. முழங்காலிட்டபடியே மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். மழையின் ஈர வாடைகூட வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊசியை மறுபடி நிரப்பினாள்.

அக்ரிலிக் தகடுகளை ஒட்டிப் பெட்டியும் தொட்டியும் செய்கிற பட்டறை அது. ஒட்டுவதற்குப் பசை கிடையாது. டிரம்மில் வருகிற எத்திலீன் டைகுளோரைடுதான். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? பார்க்கத் தெளிவாக இருப்பதால் பட்டறையில் அதற்கு 'தண்ணி' என்றே பெயர். தாகத்துக்குக் கேட்டால் 'குடிதண்ணி' என்று கேட்க வேண்டும். ஊசியில் உறிஞ்சி, இரண்டு தகடு சேரும் இடுக்கில் விட்டால் தானாக ஓடி, இரண்டையும் ஓரத்தில் கரைத்து ஒன்றாக்கிவிடும். அந்த ஊசியால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அடுத்த தெருக் கடைசல்காரர் இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவவும் அதையே வாங்கிப் போவார். பிளாஸ்டிக் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறதாம்.

டிரம் இறக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைப் பாடுவார். "நெருப்பு பக்கத்துலயே வரக்கூடாதும்மா. இதோட ஆவி காத்தவிட கனம். மேல போகாது, தரையோட தவழும், பள்ளம் கண்டா தேங்கி நிக்கும். வாசனை அடிச்சாலே ஜன்னலத் தொறங்க. அடிச்ச வாசனை அடிக்காம போச்சுன்னா மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். போட்டது போட்டபடி ஓடிடணும்."

"சரிங்கண்ணே" என்பாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள். பதினோரு வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!

இன்று ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மழை ஈரம் பட்டால் ஒட்டு பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். அதனால் மழை வந்தால் முதல் வேலையே ஜன்னலைச் சாத்துவதுதான். புகை தள்ளும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குக் கரண்டு போனதும் அதுவும் நின்றது.

தம்பி தொட்டிக்குள் இருந்தான். நெஞ்சு உயரத்துக்கு ஒரு மீன்தொட்டி. யாரோ ஓட்டல்காரர் வாசலில் வைக்கக் கேட்டது. காலையில் எடுத்துப்போக வண்டி வந்துவிடும். தகடு கீறாமல் இருக்க ஒட்டின காகிதத்தைக் கடைசியில்தான் உரிப்பார்கள், ஆகவே உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தம்பி முக்காலி போட்டு உள்ளே இறங்கி, மூலைப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க, அக்கா வெளியிலிருந்து ஊசியை ஓட்டுவாள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பேச்சு கேட்காது. அதற்காகத் தட்டுக் கணக்கு ஒன்று வைத்திருந்தார்கள். ரெண்டு தட்டினால் ஊற்று. ஒன்று தட்டினால் போதும். மூன்று தட்டினால் கை கொடு, நான் மேலே வரணும்.

"நான்தாங்க்கா இதுல மொத மீனு" என்று இறங்கும்போது சொல்லிச் சிரித்தான். முப்பது வயசாகியும் வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. போன வருஷம் அவனுக்கு வேலை போனபோது, "என் கூட வந்துடுடா, நான் பார்த்துக்கறேன்" என்று கூட்டி வந்தவள் அவள்தான்.

கரண்டு போனதும் அவன் தலையைத் தூக்கினான். "அக்கா, தல கிறுகிறுங்குது."

"மத்தியானம் ரெண்டு தட்டு சோறு அள்ளிப் போட்டா கிறுகிறுக்காம என்ன செய்யும்? பாதி ஓடின ஒட்டை விட்டா குமிழி நிக்கும்டா. இந்த ஒரு வரிய முடிச்சுட்டு வந்துடு."

அவன் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு தட்டு மட்டும்தான்.

டொக் டொக். அவள் ஊற்றினாள்.

மேகம் இறங்கிப் பட்டறை கறுத்துக்கொண்டே வந்தது. விளக்கு, தீக்குச்சி, எதையும் பொருத்தக் கூடாது. போனைக்கூட வாசல் திண்டில் வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். கைத்தடவலிலேயே இடுக்கைக் கண்டுபிடித்து ஊசியை வைத்தாள். நடுவில் ஒரு தடவை டொக் டொக் என்று கேட்டு, கொஞ்சம் தள்ளித் தளர்வாக இன்னொரு டொக் கேட்டது. ஊற்று, போதும். 'என்ன அவசரம் துரைக்கு' என்று சிரித்துக்கொண்டாள். உடம்பு இதமாக இருந்தது. காய்ச்சல் விட்டதும் போர்த்திக்கொண்டு படுப்பது மாதிரி ஒரு சுகம்.

டொக் டொக்.

ஊற்றினாள். மறுபடி டொக் டொக். மறுபடி. இந்த வரிக்கு மூன்று ஊசி போதும். காலடியில் கிடந்த சின்ன டப்பாவைத் தடவிப் பார்த்தாள். நிறைத்து வைத்திருந்தது, காலி. ஊற்றினதெல்லாம் எங்கே போனது? முழங்கால் அடியில் சேலை நனைந்து சில்லென்றிருந்தது. இவ்வளவு நனைந்தும் வாசனை இல்லை.

மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

"டேய்" என்றாள். நாக்கு தடித்துக் கிடந்தது. "டேய், தடியா! மேல வா."

டொக் டொக்.

"ஊத்தறது இருக்கட்டும்டா. வெளிய வா. காது கேக்குதா?"

டொக் டொக்.

ஒரே இடைவெளி. ஒரே அழுத்தம். தம்பி எதையும் ஒரே மாதிரி இரண்டு தடவை செய்தவனில்லை. தொட்டியைப் பற்றி எழுந்தாள். தரை சாய்ந்தது. விளிம்பில் நெஞ்சை முட்டுக்கொடுத்து எட்டிப் பார்த்தாள்.

தம்பி குந்தினபடி மூலையில் சாய்ந்திருந்தான். முகவாய் நெஞ்சில். இரண்டு கையும் மடியில், மல்லாந்து, விரல் விரிந்து கிடந்தன.

டொக் டொக்.

அவன் கைகள் அசையவில்லை.

டொக் டொக்.

சத்தம் அவள் இடுப்பருகே. குனிந்தாள். காகிதத்தின் மேல் ஒரு கை. விரல் மடங்கி, முட்டியால் தட்டுகிற கை. அவளுடைய இடது கை.

அலறினாளா, தெரியாது. தோளைக் கொடுத்துத் தொட்டியைச் சாய்த்தாள். ஒட்டு ஒன்றும் விடவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தம்பியை இழுத்தாள். உள்பக்கக் காகிதத்தில் நகம் கிழித்த கோடுகள் இருந்தன, விளிம்பு வரைக்கும். ஊற்று, போதும் என்று சிரித்தாளே, அது ரெண்டு தட்டும் தனியாக ஒரு தட்டும் அல்ல. மூன்று. கை கொடு.

"ஐயோ, என் ராஜா! மூணுடா! நான்தாண்டா கேக்கல!"

வாசல்வரை இழுத்து வந்து போட்டாள். மழைக்காற்று முகத்தில் அறைந்தது. அப்போதுதான் வாசனை வந்தது. அவன் முடியில், அவள் கையில், இருவர் துணியிலும். அவன் நெஞ்சில் காதை வைத்தாள். கன்னத்தில் அறைந்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். தெருவைப் பார்த்துக் கத்தினாள். மழையில் ஒரு கதவும் திறக்கவில்லை. திண்டில் போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி. அடித்து ஓய்ந்தது.

தம்பிக்கு மூச்சில்லை.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கை சிமெண்டுத் தரையில் கிடந்தது.

டொக் டொக்.

வலது கையால் இறுக்கிப் பிடித்தாள். நின்றது.

பட்டறைக்குள் இருட்டு. வாசலைப் பார்த்து வாய் பிளந்து சாய்ந்து கிடந்தது தொட்டி. உள்ளே ஒன்றுமில்லை. அதற்குள்ளிருந்து, தளர்வாக, இன்னொன்று.

டொக்.

மூன்று.

ஊசியக்கா மடியில் இருந்த தலையை மெதுவாகத் தரையில் இறக்கினாள். எழுந்தாள்.

"இந்தா வந்துட்டேன்டா" என்றாள். இந்தத் தடவை சரியாக எண்ணிவிட்ட சந்தோஷம் அவள் குரலில் இருந்தது. இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனாள்.