அழுத்தினால் ஆம்

"பெருசா இருக்கே அக்கா."

"அப்பா கை பெரிய கை. போட்டுப் போட்டு உனக்கும் பழகிடும்," என்றாள் சிஸுரு, தம்பி யசுகியின் கைகளில் வெள்ளைக் கையுறைகளை மாட்டியபடி.

இறந்துபோன அப்பா தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்கப் போகும்போது அணிந்தவை. தாத்தா காலத்திலிருந்து தொகுதி இந்த வீட்டில்தான் இருக்கிறது. அப்பாவின் செயலாளராகவே வயதை எல்லாம் கழித்த சிஸுருதான் அடுத்த வேட்பாளர் என்று ஊரே நம்பியிருந்தது. பக்கவாதத்தில் பேச்சு போன அப்பா, 'ஆம்' என்றால் கேட்டவர் கையை இடது கையால் அழுத்துவார். ஆதரவாளர்கள் வாசலில் காத்திருக்க, யசுகி தனியாக உள்ளே போய்க் கேட்டான்.

"நானா?" கை அசையவில்லை.

"அக்காவா?" எலும்பு வலிக்க அழுத்தினார்.

வெளியே வந்தவன், "என் கையை அழுத்தினார்," என்று மட்டும் சொன்னான். முதலில் குனிந்து வணங்கியவள் அக்காதான்.

பனி விழும் கடைத்தெருவில், ஒலிபெருக்கியில் அக்காவின் கரகரத்த குரல் அவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்ல, மீன் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் கலந்த கூட்டத்துக்குள் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நடந்தபோதுதான், காலையில் தொளதொளத்த இடது கையுறை இப்போது இறுக்குவதை உணர்ந்தான்.

"அட விடுப்பா! ஓட்டு உனக்குத்தான், கையை உடைச்சிடாத," என்று கத்தினார் மீன்கடை மொரிவாகி. "அப்படியே அப்பன் பிடி!"

எல்லோரும் சிரித்தார்கள். யசுகி அழுத்தவே இல்லை.

இருட்டும் நேரத்தில் அலுவலகம் திரும்பினார்கள். அடுப்பில் கெண்டி முனகியது. வலது கையுறை துணியாகக் கழன்று விழுந்தது. இடதை உருவி மேசையில் வைத்தான்.

அது தட்டையாகவில்லை.

எதிரே சிஸுரு களைப்பில் கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"அன்னிக்கு அப்பா எப்படிடா பிடிச்சாரு? எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. ஒரு தடவை பிடிச்சுக் காட்டேன்."

கையை மேசையில் நீட்டினாள்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாய் திறந்தது. தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான்.

மேசையில் மெல்லிய உரசல்.

மூடிய கண்களோடு அவள் புன்னகைத்தாள். "இப்படியா..."

வெள்ளை விரல்கள். ஒவ்வொன்றாக அவள் கையைச் சுற்றி மடங்கின.

புன்னகை போனது.

"வலிக்குது யசுகி. போதும்டா. விடு."