பேரீச்சைக்கு ஜாமீன்

அஸர் தொழுதுவிட்டுக் கோடாரியோடு குழித்தோட்டத்துக்குள் இறங்கினேன். எங்கள் சூஃப் பகுதியில் பேரீச்சையை மேட்டில் வைப்பதில்லை. மணலை ஆளுயரத்துக்கும் மேலாகத் தோண்டி, குழிக்குள் நடுவோம். தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது. அடியில் இருக்கும் ஈரத்தை வேர் தானே தேடிப் போய்க் குடித்துக்கொள்ளும். மேலே பாலைவனக் காற்று அலறினாலும் உள்ளே சத்தம் வராது. தனியாக இருப்பவனுக்கு அந்த அமைதி நல்லதல்ல.

மறுநாள் மகன் தாஹர் பிஸ்க்ரா டவுனிலிருந்து வண்டி கொண்டுவந்து என்னை அழைத்துப்போவதாக இருந்தது. எனக்குப் போக மனமில்லை. என் மனைவி அல்ஜியா தன் கையால் நட்ட மரம் இங்கேதான் நிற்கிறது. ஆனால் அவளை அடக்கம் செய்த வருஷத்திலிருந்து அது பாளை விடவில்லை. குருத்து வருகிறது, மட்டை விரிகிறது, வெளிச்சம் இருக்கும் பக்கம் சாய்கிறது. காய்ப்பதை மட்டும் மறந்துவிட்டது. அதுவும் என்னைக் கைவிட்டால் நான் யாருக்காக இங்கே இருப்பது?

அடம்பிடிக்கும் மரத்தை மிரட்ட எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாரியை ஓங்கி, வெட்டிவிடுவேன் என்பார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்து, இந்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்பார். மரம் பயந்து காய்க்கும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்துக் குழிக்காரனும் டவுனுக்குப் போய்விட்டான். கழுதையையா ஜாமீனுக்குக் கூப்பிட முடியும்? தனியாகவே செய்தேன். செய்திருக்கக் கூடாது.

"காய்க்காத உனக்கு இங்க என்ன வேலை? வெட்டித் தள்ளிடறேன் பாரு!"

அடிமரத்தில் ஒரு வெட்டு போட்டேன். பிறகு வழக்கப்படி ஜாமீன்காரருக்காகக் காத்திருந்தேன். யாரும் இல்லை என்று தெரிந்தும் காத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மறுபடி கோடாரியை ஓங்கினேன்.

கை இறங்கவில்லை.

மணிக்கட்டை எதுவோ பிடித்திருந்தது. பிடி ஈரமாக, சொரசொரப்பாக இருந்தது.

ஆண் மரத்தின் பாளை வெடிக்கும்போது வருமே, பச்சை மாவு மணம், அது குப்பென்று அடித்தது. அது பாளைக் காலமே இல்லை.

"விட்டுடு லமீன்."

காதோரம் ஒரு பெண் குரல்.

"இந்த வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்."

பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மணலில் என் காலடித் தடம் மட்டும்தான் இருந்தது.

பயந்துதான் போனேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், பயத்தைவிட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. என்னோடு ஒருத்தி பேசி எத்தனை காலமாயிற்று! உடனே தாஹருக்கு போன் போட்டேன்.

"நான் வரலடா. உங்க உம்மா இங்கதான் இருக்கா."

"வாப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றான்.

அடுத்து வந்த வசந்தத்தில் மரம் பாளை பாளையாகத் தள்ளியது. ஆண் பூங்கதிரை மடியில் கட்டிக்கொண்டு, மகரந்தம் சேர்க்க ஏறினேன்; பேரீச்சைக்கு அதை ஆள்தான் கையால் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாளைக்குள்ளும் ஏற்கெனவே ஆண் கதிரைச் செருகி, ஓலைக் கீற்றால் கட்டியிருந்தது. கீற்று இன்னும் வாடவில்லை. அதற்குப் பிறகு நான் பகலெல்லாம் அந்த மரத்தடியிலேயே கிடந்தேன்.

பழம் பறிக்கத் தாஹர் வந்தான். குழிக்குள் உட்கார்ந்து, புதுப் பழத்தைத் தின்றபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"வெட்டு பட்டா, செத்துடுவோமோன்னு மரம் அவசர அவசரமா காய்க்கும் வாப்பா. கதிரை நீங்களே வெச்சுக் கட்டிட்டு மறந்திருப்பீங்க."

"அப்ப என் கையைப் பிடிச்சது?"

"அது வாதம். டாக்டர்கிட்ட காட்டணும்."

"உங்க உம்மா குரல்டா. எனக்குத் தெரியாதா? 'விட்டுடு லமீன்'னு சொன்னா."

தாஹர் மெல்லுவதை நிறுத்தினான்.

"உம்மா உங்களைப் பேர் சொல்லியா கூப்பிட்டாங்க?"

எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அல்ஜியா கடைசி மூச்சுவரை என்னைத் 'தாஹர் வாப்பா' என்றுதான் கூப்பிட்டாள். ஒரு குரலுக்கு ஏங்கிக் கிடந்தவன், அது என்ன சொல்லிக் கூப்பிட்டது என்பதைக் கவனிக்கவே இல்லை. இத்தனை மாதமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கதையையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எதனிடம் சொன்னேன்?

"எழுந்திரிங்க வாப்பா," தாஹர் கிசுகிசுத்தான். "இப்பவே போயிடலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு மணல் சரிவில் ஏறினான். கால் புதைந்து புதைந்து வழுக்கியது. பாதி தூரம் ஏறியிருப்போம். கீழே மட்டைகள் சலசலத்தன. காற்று இல்லை.

"தாஹ...ர்!"

அல்ஜியாவின் குரலேதான். விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவாளே, அதே இழுப்பு. அவள் எப்படி இழுத்துக் கூப்பிடுவாள் என்று அந்த மரத்தடியில் உட்கார்ந்து பேசிக் காட்டியது நான்தான்.

"திரும்பாதடா!" என்றேன்.

அவன் திரும்பிவிட்டான். முகம் சின்னப் பிள்ளையின் முகமாக மாறியிருந்தது.

"உம்மா?" என்றான்.

என் கையை உதறிவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தான்.