கார்லா வீட்டுப் புகைபோக்கி

அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி தூறிய ஒரு மத்தியானம், புகைபோக்கி பழுதுபார்க்கும் ஐனோவும் அவன் தங்கை புருஷன் ஆர்வோவும் கார்லா வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார்கள். பழைய செங்கல் புகைபோக்கி அது. உள்பூச்சு உதிர்ந்துபோய், ஹீட்டரின் விஷவாயு விரிசல் வழியே மாடியறைக்குள் கசிந்தது. அங்கேதான் அவளுடைய கைக்குழந்தை தூங்கும்.

"இன்னிக்கே புகைபோக்கிக்குள்ள எஃகுக் குழாயை இறக்கிடுங்கண்ணே. ஹீட்டர் இல்லாட்டி பிள்ளை விறைச்சுப் போயிடுவான்," என்றாள் கார்லா.

கூரையேறி மூடியைத் திறந்ததுமே ஐனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். கரி நாற்றம் அவனுக்குப் பழகிய நாற்றம். இது வேறு. கெட்டுப்போன கொழுப்பும் கழுவாத வாயும் சேர்ந்த வாடை. உட்சுவரைத் தொட்டான். வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டரை அணைத்து இரண்டு நாளாகியிருந்தது. சீ என்று கையைப் பனியில் தேய்த்தான்.

"என்ன மச்சான், உங்கம்மா வச்ச மீன் சூப்பைக் குடிச்ச மாதிரி முழிக்கிறே?" ஏணியிலிருந்து ஆர்வோ சிரித்தான்.

"வாயை மூடிட்டுக் கீழே அடித்தள அறைக்குப் போ. கயிறு வந்ததும் இழு."

குழாய் நுனியில் இழுப்பதற்கான கூம்பை மாட்டி, அதில் கட்டிய கயிற்றை உள்ளே விட்டான். கீழே ஒருவன் இழுக்க, மேலே ஒருவன் தள்ள வேண்டும். அடித்தளத்திலிருந்து கத்தினாலும் காதில் விழாது. இழுப்பு வந்தால் கீழே ஆள் இருக்கிறான் என்றுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் நம்புவார்கள்.

கயிறு விறைத்தது. ஐனோ தள்ளினான்.

குழாய் விக்கலில்லாமல் இறங்கியது.

பாதிக்கு மேல் போனபோது தெருவிலிருந்து ஆர்வோ கத்தினான். "அடித்தளக் கதவு பூட்டியிருக்கு மச்சான்! கார்லா சாவி தேடுறா!"

ஐனோவின் கைக்குள் குழாய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆர்வோவும் ஏறிவந்து, இருவருமாக அதைப் பிடுங்கி எடுத்தார்கள். எஃகு முழுக்கக் கோழை. கூம்பை யாரோ சப்பி நசுக்கியிருந்தார்கள்.

"இது வேணாம். பக்கச்சுவரைத் துளைச்சு வாயுவை வெளியே விட்டுடலாம்," என்று ஐனோ கிசுகிசுத்தான்.

அருவருப்பை அடக்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் அதற்கேற்ற வேறு ஹீட்டரை வைத்தார்கள். புகைபோக்கியை மேலும் கீழும் சிமெண்டால் அடைத்தார்கள். கார்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவளே போன் செய்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. விஷவாயு வாடையே இல்ல. மாடியறையில அந்தப் புகைபோக்கிச் சுவர்கூடக் கதகதன்னு இருக்கு. பிள்ளை ராத்திரி பூரா அதுலயே ஒட்டிக்கிட்டுத் தூங்கினான்."

ஐனோ வேன் சாவியைக் கையில் எடுத்தான்.

"ஒண்ணுதான் புரியலண்ணே. சுவர்ப்பக்கம் இருந்த அவனோட காது மட்டும் ஏன் இப்படி ஊறி வெளுத்துப் போயிருக்கு?"