மாமாவிடம் சொல்லாத இடம்

பம்பரத்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அவள் பம்பரம்தான். சாப்பிடும்போது நடப்பாள், நடக்கும்போது ஓடுவாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றுவாள். ஆனால் அன்றைக்கு அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்த நடையைப் பார்த்து, வீட்டுப் பூனையே மிரண்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

காரணம், மீன்கள்.

ஊருக்கு மேலே, காட்டுப் பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் அதன் மேலேயே புரண்டு ஓடும். அந்த நேரம் பார்த்து ஏரி மீன்கள் முட்டையிடுவதற்காக எதிர்நீச்சல் போட்டு ஓடையில் ஏறும். பாலத்தையும் தாண்டி மலைக்குள் போய்விடும்.

இந்த வருடம் பாதி மீன்கள் ஏறுவதற்குள் மழை சட்டென்று நின்றுவிட்டது. இப்போது பாலத்து அடியில் இருக்கும் சிமெண்ட் குழாய் வழியாகத்தான் தண்ணீர் ஒல்லியாக ஊற்றுகிறது. மிச்ச மீன்கள் பாலத்துக்குக் கீழே ஒரு குட்டையில் மாட்டிக்கொண்டன. மேலே ஏறலாம் என்றால் பாலம் பம்பரத்தின் நெஞ்சு உயரம். கீழே திரும்பலாம் என்றால் ஓடை முழுக்க வெறும் கல்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அவள் குட்டையில் ஒரு குச்சி நட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை தண்ணீர் அவள் தொடை வரை இருந்தது. நேற்று முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அவளும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவால் அள்ளிப் பார்த்தாள். மீன் அவள் முழங்கை நீளம். டப்பா எந்த மூலைக்கு? கையால் பிடித்தாள். அது வாலால் கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டுப் போனது. அம்மாவிடம் சொன்னாள். அம்மா மழைக்கோட்டு தைப்பவர். மழைக்காலத்தில் அம்மாவின் தையல் மெஷின் மூச்சு விடாது. "இந்த நாப்பது கோட்டையும் முடிச்சுடறேன்டி, அப்புறம் வரேன்" என்றார் அம்மா. தோழிகளிடம் சொல்லலாம். ஆனால் ஒருத்திக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ஆளுக்கொரு சாக்குப் பையோடு வந்து நிற்பார்கள்.

இந்த நிலைமையில்தான் மாமா வந்து இறங்கினார். ஒரு கையில் தூண்டில், இன்னொரு கையில் கைவலை, தோளில் ஒரு குழந்தையையே குளிப்பாட்டலாம் போன்ற பெரிய வாளி!

"அக்கா! ஒரே ஒரு நாள் லீவு. சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். அதுக்குள்ள எனக்கு மீன் வேணும்!"

"வந்ததும் வராததுமா வாசல்ல நின்னுட்டு மீன் வேணுமாம்" என்றார் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடியே. "இந்தா, பம்பரத்தைக் கூட்டிட்டுப் போ. இந்த மலையில அவ காலு படாத இடம் கிடையாது."

மாமா குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "எங்க போனா மீன் கிடைக்கும், பம்பரம்?"

பம்பரம் அந்தக் கைவலையையும் அந்த வாளியையும் பார்த்தாள். இவர் மட்டும் அந்தக் குட்டையைப் பார்த்தால்? தூண்டிலே வேண்டாம், அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

"ஏரிக்குப் போலாம் மாமா" என்று சொல்லிவிட்டாள். ஏரி எதிர்ப்பக்கம் இருக்கிறது.

ஏரியில் காற்று நன்றாக அடித்தது. மீனைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன.

மாமா தூண்டிலில் புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு, தக்கை அசைகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தார். பம்பரம் வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் குட்டையில் இன்னும் எவ்வளவு தண்ணீர் வற்றியிருக்கும்? எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"ஆடாதடி, மீன் பயந்துக்கும்" என்றார் மாமா. பிறகு அவரே பேச்சை ஆரம்பித்தார். "மூணு வருஷமா மீன் பிடிக்கப் போறேன். இதுவரைக்கும் எத்தனை பிடிச்சிருக்கேன், சொல்லு பார்ப்போம்?"

"நூறு?"

"ஒண்ணுகூட இல்ல. என்கூட வேலை செய்யறவங்க திங்கக்கிழமை ஆனா வரிசையா வந்து கேப்பாங்க. 'சார், எத்தனை?'ன்னு. கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நாளைக்கு மட்டும் நான் ஒரு மீனோட போய் நின்னேன்னு வை..."

மாமாவின் கண்கள் எங்கேயோ போய்விட்டன. பம்பரத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சை மாற்றினாள்.

"உங்க வேலை எப்படி இருக்கும், மாமா?"

மாமா லிஃப்ட் மெக்கானிக். எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், முதலில் அவருக்குத்தான் ஃபோன் வரும்.

"போன வாரம் ஒரு பல் டாக்டர் மாட்டிக்கிட்டார். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. கூடவே, பல் பிடுங்கப் பயந்து ஓடி வந்த ஒரு ஆளு! நாப்பது நிமிஷம் ரெண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ள." மாமா சிரித்தார். "மாட்டிக்கிட்டவங்களுக்குக் கை கால் நடுங்கும். கதவை முட்டுவாங்க. அதனால, நான் போனதும் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன். முதல்ல வெளியே நின்னு குரல் குடுப்பேன். 'பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்.' அதுலயே பாதி பயம் போயிடும்."

குட்டையில் மீன்கள் போய்ப் போய்ப் பாலத்துச் சுவரை முட்டியது பம்பரத்தின் கண்முன் வந்து நின்றது.

பதினொரு மணி வரைக்கும் தக்கை அசையவில்லை. "வேற இடம்?" என்றார் மாமா.

"ரோட்டுப் பாலத்துக்குக் கீழே?" என்றாள் பம்பரம். அது ஏரித் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலின் மேல் இருக்கும் பாலம்; அதுவும் ஓடைக்கு எதிர்ப்பக்கம்தான்.

அங்கே ஓர் ஓட்டுநர் தன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சக்கரம், கதவு, கண்ணாடி என்று அவர் லாரி முழுவதையும் கழுவித் துடைத்து முடித்துவிட்டார். மாமாவின் தூண்டிலில் ஒரு பழைய செருப்பு மாட்டியது. அவ்வளவுதான்.

ஓட்டுநருக்கே பாவமாகிவிட்டது.

"என்ன சார், இந்த மாசத்துல இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க? மழை பெஞ்சதும் மீனெல்லாம் ஓடையில மேல ஏறியிருக்குமே! ஏன், பாப்பாவுக்குத் தெரியாதா? தினமும் ஸ்கூல் விட்டதும் தரைப்பாலத்துப் பக்கம்தானே ஓடுது!"

பம்பரம் திருதிருவென்று விழித்தாள்.

மாமா தூண்டிலைச் சுருட்டினார். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"உனக்கு இடம் தெரியும்."

பம்பரம் காலால் தரையைக் கீறினாள்.

"தெரிஞ்சே என் காதுல பூ சுத்தியிருக்க. ஒன்பது மணி நேரம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்டி. அங்கதான் எல்லாரும் கேலி பண்றாங்கன்னா, நீயுமா?"

அவர் திட்டியிருந்தால் பம்பரம் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் குரல் தழுதழுத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கேலி இல்ல மாமா! சத்தியமா இல்ல! அங்க மீன் இருக்கு. நிறைய இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் வயித்துல முட்டை. மேலேயும் போக முடியாம, கீழேயும் போக முடியாம மாட்டிக்கிட்டு நிக்குது. தண்ணி வத்திட்டே வருது. நீங்க வாளியை விட்டாலே அள்ளிடலாம். அதான் சொல்லல."

"வாளியை விட்டாலே அள்ளிடலாமா?" மாமாவின் முதுகு நிமிர்ந்தது. கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும் பம்பரத்துக்குப் பகீர் என்றது.

என்ன செய்வது? இனி மறைத்துப் பயனில்லை. மாமா தானே கண்டுபிடித்துப் போய்விடுவார். அவரைக் கூட்டிப் போகாமல் விட்டாலும், நாளைக்குள் குட்டை வற்றிவிடும். அவள் ஒருத்தியால் ஒரு மீனைக்கூடத் தூக்கிவிட முடியாது. சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு. உள்ள இருக்கறவங்க கதவை முட்டறாங்க. நீங்க போறீங்க. போய் அவங்களை வீட்டுக்குப் பிடிச்சிட்டு வந்துடுவீங்களா?"

"என்னடி கேள்வி இது? அவங்களை எந்த மாடிக்குப் போகணுமோ அந்த மாடியில இறக்கி..."

மாமா பாதியில் நிறுத்தினார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வழியைக் காட்டு" என்றார். அள்ளுவதற்கா, தூக்கிவிடுவதற்கா என்று சொல்லவில்லை.

வழி முழுக்க பம்பரத்துக்கு அதே கவலை. நாலடி முன்னால் ஓடுவாள், திரும்பி வந்து மாமா முகத்தைப் பார்ப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கியதுதான் தெரிந்தது.

குட்டையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. மீன்களின் முதுகுகள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன. ஒன்று சுவரில் முட்டி விழுந்து, திரும்ப வந்து முட்டியது.

மாமா அப்படியே நின்றார். மூன்று வருடமாகக் கனவு கண்ட மீன்கள், காலடியில்! கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, கைவலையை மெல்ல விட்டார். தூக்கினார்.

வலைக்குள் ஒரு பெரிய மீன் துள்ளியது. மாமாவின் வாழ்க்கையில் முதல் மீன்! பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா மீனின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"பயப்படாதீங்க" என்றார் மெதுவாக. "நான் வந்துட்டேன்."

பம்பரம் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் பறந்துவிட்டன.

அதற்கப்புறம் இருவருக்கும் நிற்க நேரமில்லை. மாமா வாளியில் தண்ணீர் பிடித்து மீனை விடுவார். "மேல் மாடி! மேல் மாடி!" என்று கத்திக்கொண்டே வாளியைப் பாலத்தின் மேல் ஏற்றுவார். மேலே நிற்கும் பம்பரம் வாளியை இழுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கத்து ஆழமான தண்ணீரில் சாய்ப்பாள். மீன் ஒரு நொடி திகைக்கும். பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்விடும்.

ஒரு மீன் மாமாவின் மூக்கில் அறைந்தது. இன்னொன்று சட்டைக்குள் புகுந்துகொண்டது. மாமா குட்டைக்குள் தையத்தக்கா என்று ஆடியதைப் பார்த்துப் பம்பரத்துக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"இருபத்து ரெண்டு... இருபத்து மூணு!" என்று அவள் எண்ணி முடித்தபோது குட்டை காலியாக இருந்தது.

மாமா சேறும் சகதியுமாகப் பாலத்தின் மேல் வந்து உட்கார்ந்தார். மேல் பக்கத் தண்ணீரையே பார்த்தார்.

"முட்டை போட்டதும், அடுத்த மழையில திரும்பவும் ஏரிக்கே வந்துடும் மாமா" என்றாள் பம்பரம். "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. நானே ஏரியில நல்ல இடமா காட்டறேன். இந்தத் தடவை நிஜமா."

"இவ்வளவு நேரம் கையில பிடிச்சேனே, அது போதாதா? ஐயையோ! மணி என்ன?"

ஓட்டமும் நடையுமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து மணிப் பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கடைசியாக இறங்கிய ஒருவர் கையில் மூன்று தூண்டில்கள்! மாமாவின் வாளியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்களும் நம்ம ஆளா? எங்க போனா மீன் கிடைக்கும்?"

பம்பரம் மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். தரைப்பாலத்துக்கு மேல்பக்கம்தான் எல்லா மீனும் இருக்கிறது. இன்னும் வெகுதூரம் போயிருக்காது.

மாமா வாயைத் திறந்தார், மூடினார். மூன்று வருடமாக இந்தக் கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவர் அவர். இருபத்து மூன்று மீன்களும் அவர் நாக்கு நுனியில் துள்ளின.

"இது சரியான சமயம் இல்ல சார். ரெண்டு மாசம் கழிச்சு ஏரிக்கு வாங்க."

"அப்படியா! உங்களுக்கு எத்தனை மாட்டுச்சு?"

"எனக்கா? தூண்டில்ல ஒரே ஒரு செருப்பு" என்றார் மாமா. "அதுவும் இடது காலு."

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற நடத்துநரும் சிரித்தார். மாமா யாரையும் கண்டுகொள்ளாமல் படியேறி, ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார்.

பேருந்து நகர்ந்தது. மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முதலில் இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் மூன்று விரலைக் காட்டினார்.

பேருந்து வளைவில் திரும்பும் வரைக்கும் பம்பரமும் அதையே திருப்பித் திருப்பிக் காட்டினாள்.