காலைத் தொகை

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரி. ஓர் எண் ஏறிய காலையைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை, உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

தூத்துக்குடியில் கடற்சுவருக்கு உள்பக்கம், ஒன்பதாம் மாடியில் ஜெசிந்தாவும் அவள் புருஷன் இன்னாசியும் இருந்தார்கள். விடிந்ததும் அவள் பாலை அடுப்பில் வைப்பாள். அவர் மணிக்கட்டில் கிடக்கும் நாடிக்காப்பைச் சுவரில் இருக்கும் எடுப்புமானியில் வைப்பார். சேமிப்பிலிருந்து அன்றைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அது காட்டும். அவருக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய். அவளுக்கு எண்ணூற்று முப்பது. ரொம்ப நாளாக ஏறக்குறைய அதேதான்.

இருவரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். நாற்பத்தொன்பது வயதில் வேலையை விடுவதற்காக ஒரு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். சேமிப்பில் வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் தொடக்கூடாது. பால் அரை லிட்டர். சீலா மீன் கிறிஸ்துமஸுக்கு மட்டும். பகலில் ஃபேன் கிடையாது. இப்படி இருந்தால் தொண்ணூறு வரை யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். பதினொரு வருஷம் அப்படியே இருந்தார்கள்.

எடுப்புமானி கையிருப்பை மட்டும் பார்ப்பதில்லை. காப்பு வழியே நாடியைப் படித்து, இந்த ஆளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தனக்குள் கணித்து, அவர் பணத்தை அந்த நாள்களுக்குப் பங்கு போடும். நாள் குறைந்தால் பங்கு பெரிதாகும். அந்த நாள்கணக்கை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். தொகையைச் சொல்லாமல் இருக்க முடியாதே. ஆள் பதறிவிடக் கூடாது என்று இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். தொகை ஒரே நாளில், முந்தின நாளைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறாது. மிச்சம் அடுத்தடுத்த நாளில் ஏறும்.

அன்று மாதத்தின் முதல் தேதி. விலைவாசிக்காக எல்லோருக்கும் ஐந்தோ பத்தோ கூடுகிற நாள்.

“ஏட்டி, ஆயிரத்து நூத்தி இருவது. இந்தத் தடவ அள்ளிக் குடுத்துட்டான்,” என்றார் இன்னாசி.

ஜெசிந்தா தன் காப்பை வைத்தாள். எண்ணூற்று முப்பத்தாறு. அவர் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“ஒனக்கு?”

“எனக்கும் ஒங்கள மாதிரிதான்.”

“அப்போ இன்னைக்குச் சீலா வாங்குதேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். அழுகை வரும் என்று கொஞ்சநேரம் நின்றாள். வரவில்லை.

அரை மணியில் திரும்பியவர் மீனை மேடையில் வைத்தார்.

“மீன்காரி மரியபுஷ்பம் பேரமே பேசலட்டி.”

“ம்.”

“எப்பவும் அம்பது ரூவாக்கு மல்லுக்கட்டுவா. காப்ப நீட்டுனதும் கடையில இருக்க திரையில என் தொகையப் பாத்தா. நான் கேட்ட வெலைக்கே வெட்டிட்டா. கூடக் கேளு, சண்ட போடுன்னு நான்தான் நின்னேன். ‘கொண்டு போங்க அண்ணாச்சி’ன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டா.”

அந்தச் சந்தையில் அப்படி ஒரு வழக்கம். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு முழுசாக ஏறியவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. யார் தொடங்கியது என்று தெரியாது. இன்னாசிக்கும் அந்த வழக்கம் தெரியும்.

“ஒன் காப்ப வை,” என்றார்.

வைத்தாள். எண்ணைப் பார்த்தார்.

“நல்லாத்தான் பொய் சொல்லுத.”

அவள் மீனைக் கழுவத் தொடங்கினாள்.

“ஒனக்கு நாள் கெடக்கு. அது போதும்,” என்றார்.

“கொழம்பா, பொரிக்கவா?”

“பாதி பாதி.”

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இன்னாசி எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். பகல் வெளிச்சத்தில் அது சுற்றுவதை இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் மனம் தானாகக் கூட்டிப் பார்த்தது: பதினொரு வருஷ மத்தியானம். பணத்தை மானி திருப்பித் தந்துவிடும். வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்த பகல்களை அது எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. மீனில் உப்பு சரியாக இருந்தது.

மறுநாள் அவர் பாலைத் தானே அடுப்பில் வைத்தார். காப்பைக் கழற்றி, “நீயே பாரு,” என்று நீட்டினார்.

அவள் மானியில் வைத்தாள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று மூன்று.

“எவ்வளவுட்டி?”

“எண்ணூத்தி நாப்பது.”

இன்னாசி பாலைப் பார்த்துக்கொண்டே நின்றார். “கொறஞ்சிருச்சே,” என்றார். “அப்போ அரை லிட்டரே போதும்.”

அவள் ஃபேனைப் போட்டாள். அவர் அணைக்கவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள். மத்தியானம் புழுங்கினால் காற்று வாங்குங்கள். உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் காலைத் தொகை எப்போதும் சின்னதாகவே வரட்டும். மீன்காரி உங்களோடு நெடுங்காலம் சண்டை போடட்டும்.