நான்காவது காரின் உள்தோல்

புதுப்பேரூரில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் இருக்கையை நக்கிப் பார்ப்பார்கள். அங்கே அதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. கடைக்காரரே வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் துடைத்துக்கொள்ளத் துண்டும் கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் நாச்சிமுத்து மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களின் இருக்கைகளை நக்கி முடித்திருந்தார். மூன்றுமே சரியில்லை.

"உப்பு இருக்குது. ஆனா இது வேர்வை உப்பு இல்லீங்க," என்றார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே. "யாரோ உப்புத் தண்ணியத் தொட்டுத் தொட்டுத் தடவியிருக்கறாங்க."

கடைக்காரர் சென்னியப்பன் கொஞ்சமும் அசரவில்லை. "உங்க நாக்கு நாக்குத்தானுங்கண்ணா," என்று பாராட்டிவிட்டு அடுத்த வண்டிப் பக்கம் நடந்தார். பிடிபட்டதற்கு வெட்கப்படுகிறவர் என்றால் பழைய கார் வியாபாரத்துக்கே வந்திருக்க மாட்டார்.

செவ்வாய்க் கிரகத்தில் காருக்குள் போடுகிற தோல் அழகுக்காகப் போடுவதல்ல. ஊர்க் கூரையைத் தாண்டினால் மூச்சுவிடக் காற்று கிடையாது. காருக்குள் காற்றைச் சுரப்பதும், சூட்டைக் காப்பதும், எங்கேயாவது கீறல் விழுந்தால் தானே வளர்ந்து அடைப்பதும் அந்தத் தோல்தான். உயிர்த்தோல் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, இருக்கை, கதவு, தரை என்று உள்ளே முழுக்க ஒரே விரிப்பாக ஒட்டிவிடுவார்கள். மனிதர்களின் மூச்சையும் வேர்வையையும் தின்று அது வாழும். கூடவே அவர்களைக் கற்றுக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு காற்று வேண்டும், யாருக்குக் கால் குளிரும், இருமல் எது, ஆபத்து எது என்றெல்லாம் அதற்குப் புரிய ஏழெட்டு வருடம் ஆகும்.

அதனால்தான் புதுக் கார் என்றால் அங்கே எல்லோருக்கும் பயம். பக்கத்து வீட்டுக் காளியண்ணன் ஆசைப்பட்டுப் புத்தம் புதிய கார் ஒன்றை எடுத்தார். மூன்றாம் நாள் வழியில் ஒரு தும்மல் போட்டார். உலகம் தெரியாத அந்தத் தோல், கண்ணாடி வெடித்துவிட்டது என்று பதறி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் விரலளவு தடிமனுக்கு அடைத்துக்கொண்டது. மீட்புப் படை வந்து அறுத்து எடுக்கப் பதினோரு மணி நேரம் ஆயிற்று. காளியண்ணன் இப்போது தும்மல் வந்தால் நடுவழியில் நின்று யோசிக்கிறார்.

ஆகவே பழகிய கார்களுக்குத்தான் கிராக்கி. எத்தனை மணி நேரம் மனிதர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்ட ஒவ்வொரு காரிலும் ஒரு பழக்கமானி உண்டு. பூமியில் ஒரு காலத்தில் பழைய கார் விற்றவர்கள் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பினார்களாம். இங்கே முன்னுக்குத் திருப்புகிறார்கள். மணிக்கணக்கைக் கூட்டி, இருக்கையில் டீயைக் கொட்டி, கைப்பிடியில் எண்ணெய் தேய்த்து, பிஸ்கட் தூள் தூவி, பத்து வருடம் ஒரு குடும்பமே குடியிருந்த மாதிரி ஆக்கிவிடுவார்கள். ஏமாற்று வேலை திசை மாறியிருக்கிறதே தவிர ஊரை விட்டுப் போய்விடவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அன்று அவசரம். ஊருக்கு வெளியே பெரும் பள்ளத்தைச் சுற்றிப் போகும் விளிம்புச் சாலையில் நானூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. தண்ணீர் நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பம்புகள் எங்கேயும் போகாது. அவரும் எங்கேயும் போனதில்லை. வேக உரிமம் ஐம்பத்தைந்து வயதோடு முடிந்துவிடும். அவருக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது.

மனைவி தெய்வாத்தாள் குறுக்கே நிற்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "வேகமெல்லாம் உங்க இஷ்டமுங்க. உள்ள இருக்கற தோலு நம்பற மாதிரி இருக்கோணும். அத நாந்தேன் பாத்துச் சொல்லுவேன். எனக்குத் திருப்தி இல்லீன்னா அந்த வண்டி வேண்டாம்." இருபது வருடம் சாலைகளில் புழுதி தள்ளும் வண்டி ஓட்டியவள். இயந்திரங்களை நம்புவாள். இயந்திரத்தை விற்கிறவர்களை நம்ப மாட்டாள்.

நான்காவதாக நின்ற கார் சிவப்பு. நீண்ட மூக்கு, தரையோடு தரையாக வயிறு. வெளியே பார்க்க லட்சணமாக இருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. ஏலக்காய், பழைய துணி, கொஞ்சம் தைலம். நாச்சிமுத்து முழங்கால் போட்டு, தலையை உள்ளே நுழைத்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தை நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றாள் தெய்வாத்தாள்.

"மொதல்ல உப்பு. பொறவு லேசா ஒரு புளிப்பு. இது நெசமான வேர்வை புள்ள."

அவள் அதோடு விடவில்லை. இருக்கையின் அழுக்கைக் கவனித்தாள். மற்ற மூன்று கார்களிலும் கறை சீராகப் பரவியிருந்தது. இங்கே ஓட்டுநரின் வலது முழங்கை படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, இடது பக்கம் புதுசு போல இருந்தது. பொய் அழுக்குக்கு இந்த ஓரவஞ்சனை வராது. கூரையை விரல் முட்டியால் தட்டினாள். தோல் ஒரு கணம் சிலிர்த்து அடங்கியது. பிறகு உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு, சேலை முனையை முறுக்கி மூக்கில் விட்டு, காது கிழிகிற மாதிரி மூன்று தும்மல் போட்டாள்.

வெளியே நின்ற இரண்டு ஆண்களும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. முதல் தும்மலுக்குத் தோல் சும்மா இருந்தது. இரண்டாவதற்கு அவள் முதுகுப் பக்கம் இதமாகச் சூடேறியது. மூன்றாவதற்குத் தைல வாசனையைக் கொஞ்சம் கூட்டியது. தெய்வாத்தாளுக்கு மனசு இளகிவிட்டது. பெற்ற மகன்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று பட்டது.

"நல்ல மனுசங்களோட இருந்திருக்குதுங்க இது," என்று இறங்கி வந்தாள். "யாருங்க மொதல்ல வெச்சிருந்தது?"

"தெரியலீங்கக்கா. நாலு கை மாறி வந்துதுங்க," என்றார் சென்னியப்பன். அவர் அன்று சொன்னவற்றில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை.

பேரம் முடிந்தது. நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த ஞாயிறு காலை, மெல்லிய ஆரஞ்சு வெளிச்சத்தில், புருஷனும் பெண்டாட்டியும் விளிம்புச் சாலைக்குப் போனார்கள். இடப்பக்கம் மூன்று கிலோமீட்டர் ஆழப் பள்ளம், எதிரே கண்ணுக்கெட்டியவரை வளைவு தெரியாமல் நீண்டு கிடக்கும் சாலை. நாச்சிமுத்து முடுக்கியை அழுத்தினார். எண்பது. நூறு. நூற்று இருபது. இருபது வருடம் காத்திருந்த மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கார் நின்றது.

குலுங்கவில்லை, சத்தம் போடவில்லை. சீராக வேகம் குறைந்து, மரியாதையாக ஓரம் கட்டி நின்றது. மறுபடி கிளப்பினார். நூற்று முப்பதில் மறுபடி நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது சண்டை போட ஆள் தேடுகிறவர் போலக் கண்ணாடி வழியே சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் தெய்வாத்தாள் தயக்கமாக. "இங்க கீள ஏதோ இருக்குதுங்க."

அவளுடைய வலது கால் காரின் தரையில் ஒரு குழிக்குள் இருந்தது. பயணி உட்காரும் பக்கத்தில், பாத வடிவத்தில், தோலே வளர்ந்து உண்டாக்கிய குழி. அடியில் மெத்தென்ற ஒரு மேடு. அவள் லேசாக அழுத்தினாள். காரின் நான்கு சக்கரங்களும் டக்கென்று இறுகின.

விஷயம் அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. யாரோ ஒருவர் வருடக்கணக்காக அந்த இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் வேகமாக ஓட்டும்போதெல்லாம், இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறார். மனிதருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற தோல், இவருக்கு இங்கே ஒரு பிரேக் வேண்டும்போல் இருக்கிறது என்று முடிவு செய்து, நிஜமாகவே ஒன்றை வளர்த்துக் கொடுத்துவிட்டது.

மறுநாள் கடையில் நாச்சிமுத்து குதித்தார். சென்னியப்பன் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெட்டி எடுக்க முடியாதுங்கண்ணா. இது அத்தனையும் ஒரே ஞாபகமுங்க. இத அறுத்தா தும்மல், இருமல் எல்லாத்தையும் சேத்து மறந்துபோயிரும். காளியண்ணன் வண்டியாட்டம் ஆயிரும்."

"அப்பறம் நான் எப்படி ஓட்டறது?"

"அக்காவக் கால மடக்கி உக்காரச் சொல்லுங்க."

சொன்னார். தெய்வாத்தாளும் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நூற்றைம்பது வரை அமைதியாக வந்தாள். நூற்று அறுபதில் ஒரு கால் தானாக இறங்கியது. அவளைக் கேட்காமலே இறங்கியது என்று சத்தியம் செய்தாள். இரண்டு மாதம் இதே கதை. நாச்சிமுத்துவால் நூற்று எழுபதைத் தாண்ட முடியவில்லை. தனியாகப் போகலாம் என்றால், விளிம்புச் சாலையில் இரண்டு பேர் இல்லாத வண்டியை விடமாட்டார்கள். வேறு யாரையாவது கூட்டிப் போகலாம்தான். முப்பது வருடம் கூட இருந்தவளை இறக்கிவிட்டு அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் வண்டி மறுபடி நின்ற ஒரு நாள் முனகாமலும் இருக்க முடியவில்லை.

"பொம்பளைக்கெல்லாம் எதுக்கு இத்தன பயம்? பள்ளத்துக்குள்ளயா விட்டுருவேன்? இதுக்கு முன்னாடி இருந்தவளும் உன்னாட்டத்தேன் இருந்திருப்பா. பாவம் அந்த மனுசன்."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள்.

"எனக்குப் பயம் வேகத்துக்கு இல்லீங்க. கைல ஒண்ணும் இல்லாம சும்மா உக்காந்திருக்கறதுக்குத்தேன். நான் ஓட்டறேன். நீங்க இங்க வாங்க. நானூறு போறது யாரு ஓட்டுனா என்னுங்க? வண்டிக்குள்ள நீங்க இருந்தாப் போதாதா?"

அவளிடமும் வேக உரிமம் இருந்தது. ஐம்பத்தைந்துக்கு இன்னும் சில வருடங்களும் இருந்தன. நாச்சிமுத்து யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. நானூறு நானூறுதான். இருவரும் பூட்டிய காருக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் ஏறி, முட்டி மோதி, சிரித்துக்கொண்டே இடம் மாறினார்கள். கல்யாணமான புதிதில் சிரித்தது போன்ற சிரிப்பு அது.

தெய்வாத்தாள் ஓட்டினாள். புழுதி வண்டியை மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஓட்டி ஓட்டிச் சலித்துப்போன கைகள் அவை. நூறு. இருநூறு. அவள் உதடு எதையோ முணுமுணுத்துப் பாடியது. இருநூற்று ஐம்பது. பள்ளத்தின் விளிம்பு ஒரே கோடாக ஓடியது. நாச்சிமுத்து, இதுதான், இதற்குத்தான் காத்திருந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முந்நூறு. தூரத்தில், அவள் எப்போதோ கவனித்துவிட்ட ஒரு சின்ன வளைவு தெரிந்தது.

கார் நின்றது. வழக்கம்போல மரியாதையாக, ஓரமாக.

தெய்வாத்தாள் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் வலது கால் கணுக்கால் வரை அந்தக் குழிக்குள் இருந்தது.

பூமியில் சாலைகள் இருந்த காலம் தொட்டே, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் வெறும் தரையை மிதித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். மிதித்தால் ஒன்றும் நடக்காது என்பதால் அந்தக் காலத்தில் யாருடைய மானமும் போகவில்லை.

"நீங்க மிதிச்சீங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

"நானா? இல்ல புள்ள. கால் சும்மா அங்க..."

"எனக்கு அந்தக் குழி லொடலொடன்னு இருந்துதுங்க. உங்களாட்டம் பத்தாம் நம்பர் செருப்புப் போடற காலுக்கு வெச்ச மாதிரி. பொம்பளக் காலு இல்லீன்னு அன்னிக்கே நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. வெட்கத்தோடு காலை உருவப் பார்த்தார். தோல் விடவில்லை. ரொம்ப நாள் கழித்துத் தன் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து, அவர் பாதத்தை அளவெடுத்துத் தைத்தது போலப் பொதிந்துகொண்டு, இதமாகச் சூடேற்றிக்கொண்டிருந்தது.